அடைபட்ட நாவும் அழியாத உள்ளமும்

1783ஆம் ஆண்டு ஜூன் 17ஆம் நாள் விடியற்காலம். ஆங்கில மொழிக்குப் பேரகராதி ஒன்றைத் தொகுத்தளித்த சாமுவேல் ஜான்சன் இலண்டனில் தம் இல்லத்தில் கண்விழித்தார். தலைக்குள் ஏதோ குழப்பம். உடலுக்கு எது நேரினும் அறிவை மட்டும் காத்தருளுமாறு இறைவனை வேண்டிய அவர், அம்மன்றாட்டை இலத்தீன் செய்யுளாகவே இயற்றிப் பார்த்தார். செய்யுள் சிறப்பாக அமையவில்லை. அஃது அமையவில்லை என்று தமக்கே விளங்கியதால், அறிவு பழுதுபடவில்லை எனத் தேறினார். ஆனால் வாயைத் திறந்தால் பேச்சு வரவில்லை.

அண்டை வீட்டாருக்குக் குறிப்பெழுத அமர்ந்தபோது கை தவறான எழுத்துகளை இட்டது. அறைக்குள் வந்த பணியாளருக்கோ, தலைவர் பேசாமல் ஏன் தாளை நீட்டுகிறார் என்பது முதலில் விளங்கவில்லை. மருத்துவர்கள் வந்து முதுகிலும், காது முதல் தொண்டை வரை இரு பக்கங்களிலும் கொப்புளம் எழுப்பும் பற்றுகளை இட்டார்கள். பேச்சு நின்றதும் மருந்து தொண்டையைத் தேடிச் சென்றது. ஆனால் பழுது தொண்டையில் மட்டும் என்றால் கை ஏன் தடுமாற வேண்டும்? இக்கேள்விக்கு விடை காண மருத்துவ உலகம் மேலும் எண்பது ஆண்டுகள் நடக்க வேண்டியிருந்தது.

1861 ஏப்ரலில் பாரிஸ் நகரை அடுத்த பிசேத்ர் மருத்துவமனையில் லெபோர்ஞ் என்பவர் இறந்தார். இருபது ஆண்டுகளுக்கு மேலாக அங்கிருந்த அவர், எதைக் கேட்டாலும் ‘டான்’ என்ற ஓரசையையே விடையாகத் தந்தவர். பிறர் பேசுவதைப் பெரும்பாலும் புரிந்துகொண்டவர். அறுவை மருத்துவர் போல் ப்ரோக்கா அவருடைய மூளையை ஆராய்ந்து, இடப்பக்க முன்மூளையில் சிதைவைக் கண்டார். அதே ஆண்டில் லெலோங் என்ற முதியவரையும் அவர் ஆராய்ந்தார். பக்கவாதத்தால் பேச்சிழந்த அம்முதியவரிடம் எஞ்சியிருந்தவை ஐந்தே சொற்கள். எந்த எண்ணைச் சொல்ல வேண்டியிருந்தாலும் ‘மூன்று’ என்பார். விரல்களோ சரியான எண்ணைக் காட்டும். நா பொய்த்த இடத்தில் விரல் மெய் சொன்னது. 1864இல் த்ரூசோ என்ற பிரெஞ்சு மருத்துவர் இந்நோய்க்கு ‘அஃபேசியா’ என்று பெயரிட்டார்.

1874இல் ஜெர்மானிய மருத்துவர் கார்ல் வெர்னிக்கே இதன் மறுபக்கத்தைக் காட்டினார். அப்போது அவருக்கு வயது 26. அவர் விளக்கிய நோயாளிகள் தடையின்றிப் பேசினர். ஆனால் சொற்கள் இடம் மாறிப் பொருளிழந்தன. பிறர் கூறுவதும் அவர்களுக்கு விளங்கவில்லை. இத்தகையோரைச் சித்தம் கலங்கியவர் என்றோ செவிடர் என்றோ கருதிவிடுவது எளிது.

இருபதாம் நூற்றாண்டு மேலும் இரு நிலைகளைத் தெளிவாகப் பிரித்தது. 1969இல் அமெரிக்காவின் மேயோ மருத்துவ நிலையத்தைச் சேர்ந்த டார்லியும் அவர்தம் தோழரும் வெளியிட்ட ஆய்வுகள் இதில் முதன்மையானவை. நாவும் உதடும் குரல்வளையும் தளர்ந்து பேச்சு குளறுவது ‘டிஸார்த்ரியா’. இவருக்கு மொழி முழுமையாக இருக்கிறது. கை இயங்கினால் பிழையின்றி எழுதுவார். தசைகளில் தளர்ச்சி இல்லாதிருந்தும், ஒலிகளை வரிசைப்படுத்தி வாய்க்கு ஆணையிடும் திறன் கெடுவது ‘அப்ராக்சியா’. இவர் உதட்டைக் குவித்தும் நாவை மடித்தும் ஒலியைத் தேடுவார். ஒரே சொல்லை ஒவ்வொரு முறையும் வெவ்வேறு விதமாகத் தவறவிடுவார். அஃபேசியாவிலோ மொழியே ஊனமுறுகிறது. எனவே பேச்சோடு எழுத்தும் வாசிப்பும் கேட்டறிதலும் கூடவோ குறையவோ பாதிக்கப்படும். இம்மூன்றும் ஒருவரிடமே கலந்திருப்பதும் உண்டு. தேர்ந்த பேச்சுப் பயிற்சியாளரே பிரித்தறிய வல்லவர்.

பெயர்களை அறிவதால் நமக்கென்ன பயன் என்று கேட்கலாம். 1683இலேயே ரோம்மெல் என்ற ஜெர்மானிய மருத்துவர் ஒரு பெண்ணைப் பற்றி எழுதினார். நோயுற்றபின் வேறெதையும் பேச இயலாத அப்பெண், கர்த்தர் கற்பித்த செபத்தையும் விசுவாச அறிக்கையையும் பழகிய வரிசையில் பிழையின்றிச் சொன்னார். நம் இல்லங்களிலும் இதனைக் காணலாம். மகனின் பெயரைச் சொல்லத் திணறும் தாய், செபமாலை தொடங்கியதும் உடன் சேர்ந்து செபிப்பார். உடனே ஒருவர், “அம்மா பேச மனமில்லாமல்தான் இருக்கிறார்” என்பார். மற்றொருவர், “குணமாகிவிட்டார்” என்பார். இரண்டும் தவறு. நெடுநாள் பழகியது தானாக எழுகிறது. புதிதாகச் சொல்லைத் தேடி எடுப்பதே அவருக்கு அரிதாகியிருக்கிறது.

ஒவ்வொரு நிலைக்கும் ஏற்ற துணை வேறு. நா தளர்ந்தவருக்குத் தாளும் எழுதுகோலும் போதும். மொழி ஊனமுற்றவரிடம் அதே தாளை நீட்டி, எழுதாததால் அறிவு போயிற்று என முடிவு கட்டுவது அநீதி. அவரிடம் சிறு வாக்கியங்களில், ஒன்றன்பின் ஒன்றாக, படமும் சைகையும் சேர்த்துப் பேச வேண்டும். ‘ஆம்’, ‘இல்லை’ என்பவைகூட அவர் வாயில் மாறிவரக்கூடும். ஆகவே அதே கேள்வியை எதிர்மறையாகவும் கேட்டு உறுதிசெய்தல் வேண்டும். சொத்துப் பத்திரத்தில் அவர் கைவிரலைப் பதிக்கும் முன்பும், மருத்துவத்திற்கு இசைவு பெறும் முன்பும் இந்தப் பொறுமை கடமையாகிறது.

லூக்கா நற்செய்தியில் பேச்சிழந்த செக்கரியா தம் மகனின் பெயரை எழுதுபலகையில் எழுதினார். அவர் கையில் பலகையைக் கொடுத்துக் காத்திருக்க உறவினர் இருந்தனர். பேச இயலாதவரின் சைகையை ஏற்று ஒப்புரவு அருட்சாதனம் வழங்குவது திருச்சபையின் நெடுநாள் வழக்கம்; நாவின் ஊனம் ஆன்மாவின் மௌனமல்ல என்னும் தெளிவு அதில் இருக்கிறது. மருத்துவம் படிப்படியாகக் கண்டதும் இத்தெளிவையே. பக்கவாதமுற்றவரின் கட்டிலருகே நின்று, அவர் காதுபட “இவருக்கு ஒன்றும் தெரியாது” என்று சொல்லாதிருப்போம். அவரிடம் எது போயிற்று என்பதோடு எது எஞ்சியிருக்கிறது என்பதையும் தேடுவோம். எஞ்சிய அந்த வழியாகவே அவரிடம் செல்வோம்.