ஸ்டோரிவில்: யார் வாசலில் விழுந்தது கோடு?

ஊர் என்றும் சேரி என்றும் கோடு போட்டுப் பிரிப்பது நமக்குப் புதிதல்ல. அமெரிக்காவின் தென்பகுதித் துறைமுக நகரமான நியூ ஆர்லியன்ஸ் 1897இல் போட்ட ஒரு கோட்டை நாம் தெரிந்துகொள்ள வேண்டும்.

நகரசபை உறுப்பினர் சிட்னி ஸ்டோரி கொண்டுவந்த சட்டம் அது. பேசின் தெருவுக்கும் ராபர்ட்சன் தெருவுக்கும் இடைப்பட்ட சில தெருக்களுக்கு வெளியே பாலியல் தொழில் கூடாது என்றது. உள்ளே நடப்பது சரி என்று அது எங்கும் சொல்லவில்லை. வெளியே நடந்தால் குற்றம் என்றது, அவ்வளவுதான். 'கௌரவமான' தெருக்களின் மானமும் மனை விலையும் காப்பாற்றப்பட்டன. அந்த இடத்துக்கு ஸ்டோரிவில் என்று அவர் பெயரே ஒட்டிக்கொண்டது.

கோடு யார் வாசலில் விழுந்தது? அங்கே ஏற்கெனவே உழைக்கும் குடும்பங்கள் இருந்தன. கறுப்பின மக்கள் வழிபட்ட மெதடிஸ்ட் ஆலயம் ஒன்று இருந்தது. ஜார்ஜ் லோட் போட்ட வழக்கில் அந்தத் திருச்சபையும் சேர்ந்துகொண்டது. 1900இல் உச்சநீதிமன்றம் நகரத்தின் பக்கம் நின்றது. ரயிலில் வெள்ளையர் பெட்டியில் அமர்ந்த ஹோமர் பிளெஸ்ஸியின் வழக்கில், பிரித்து வைத்தாலும் சமம்தான் என்று 1896இல் சொன்ன அதே நீதிமன்றம். பிளெஸ்ஸியும் இதே ஊர்க்காரர்.

ரயிலில் பக்கத்தில் உட்காரக்கூடாத பெண்ணை வெள்ளை ஆண்கள் ஸ்டோரிவில்லில் காசு கொடுத்துத் தேடினார்கள். லூலூ ஒயிட் நடத்திய மகோகனி ஹால், கலப்பினப் பெண்களைக் காட்டியே விளம்பரம் செய்தது. 'நீலப் புத்தகம்' என்ற வழிகாட்டி பெண்களின் பெயரோடு இனத்தையும் குறித்தது. கறுப்பின ஆண்கள் அங்கே பியானோ வாசிக்கலாம், வேலை செய்யலாம். வாடிக்கையாளராக நுழைய முடியாது. பகலில் தள்ளிவைத்து இரவில் தேடிவரும் ஆண்டையை நம் பாட்டிமார் அறிவார்கள்.

1917இல் நகரசபை கோட்டுக்குள் இன்னொரு கோடு போட்டது. கறுப்பினப் பெண்கள் தனிப் பகுதிக்குப் போக வேண்டும் என்றது. வில்லி பியாஸ்ஸா வழக்குத் தொடுத்தார். மாநில உச்சநீதிமன்றத்தில் வென்றார். ஊர் இழிவாகப் பார்த்த ஒரு பெண், இனப் பிரிவினையை நீதிமன்றத்தில் தோற்கடித்தார். இந்தப் பெயரை நாம் மறக்கக் கூடாது.

வெற்றி நெடுநாள் நிலைக்கவில்லை. உலகப்போர்க் காலம், படைமுகாம்களுக்கு அருகே இத்தொழில் கூடாது என்றது மத்திய அரசு. நவம்பர் 12 நள்ளிரவோடு ஸ்டோரிவில் மூடப்பட்டது. பெண்கள் மூட்டை முடிச்சோடு வெளியேறினார்கள். தொழில் மறைந்துவிடவில்லை, இடம் மாறியது.

பிறகு பெரும்பாலான கட்டடங்கள் இடிக்கப்பட்டன. அந்த மண்ணில் அரசு ஏழைகளுக்குக் குடியிருப்பு கட்டியது. 1940களின் தொடக்கத்தில் ஐபர்வில் குடியிருப்பு திறந்தபோது, அது வெள்ளை ஏழைகளுக்கு மட்டும் என்றிருந்தது.

அசிங்கம் என்று ஒதுக்கியபோது அந்த மண் கறுப்பின மக்களின் வாசலில் இருந்தது. நல்ல வீடு எழும்பியபோது அவர்களுக்கு அங்கே இடமில்லை. ஒழுக்கத்தின் பெயரால் நகரம் கோடு போடும்போதெல்லாம் நாம் கேட்க வேண்டியது ஒன்றுதான்: இது யார் வாசலில் விழுகிறது?