நெடுந்தூர ஓட்டமும் தேயிலை மலைகளும்

பாடசாலை மைதானத்திலே ஏற்படுத்தப்படும் சாதனை பெரும்பாலும் நீண்ட ஆயுள் உடையதன்று. மாணவன் ஒருவன் இவ்வாண்டு ஓடி முடித்த நேரத்தை அடுத்த ஆண்டிலோ அதற்கடுத்த ஆண்டிலோ வேறொருவன் குறைத்துவிடுவான். பழைய பெயர் நீக்கப்பட்டுப் புதிய பெயர் எழுதப்படும். ஆயினும் சில சாதனைகள் இந்த நியதிக்கு உட்படாமல் ஒரு தலைமுறைக் காலத்துக்கும் மேலாக நிலைத்து நின்றுவிடுகின்றன. அவை ஏன் நின்றன, பின்னர் யாரால் வீழ்ந்தன என்று ஆராயப் புகுந்தால், அவ்வாராய்ச்சி ஓட்டத்தோடு முடிவதில்லை. அது இலங்கையின் மலைநாட்டு வரலாற்றுக்கும் இட்டுச் செல்கின்றது.

1964ஆம் ஆண்டு நெடுந்தூர ஓட்ட வரலாற்றில் குறித்து வைக்கத்தக்க ஆண்டாகும். அமெரிக்காவின் ஸ்போக்கேன் நகரிலே உயர்தரப் பாடசாலையொன்றில் பயின்ற ஜெரி லிண்ட்கிரன் என்னும் மெலிந்த உடலினனான மாணவன், அவ்வாண்டில் 5,000 மீற்றர் தூரத்தை 13 நிமிடம் 44 விநாடியில் ஓடி முடித்தான். அதே ஆண்டு ஜூன் மாதத்தில், கன்சாஸ் மாநிலத்து விச்சிற்றா நகரைச் சேர்ந்த 17 வயதினனான ஜிம் ரையன் ஒரு மைல் தூரத்தை 3 நிமிடம் 59 விநாடியில் கடந்தான். மனிதனால் நான்கு நிமிடத்துக்குள் ஒரு மைல் ஓட இயலாது என்ற எண்ணத்தை ரோஜர் பனிஸ்டர் பொய்ப்பித்துப் பத்தாண்டுகளே கழிந்திருந்தன. அப்பத்தாண்டுகளுக்குள் பாடசாலைச் சிறுவன் ஒருவனும் அவ்வெல்லையைத் தாண்டிவிட்டான். மறு ஆண்டிலே, ஒலிம்பிக் வீரரான பீற்றர் ஸ்னெல் பின்தங்க, ரையன் 3 நிமிடம் 55.3 விநாடியில் ஓடி முடித்தான்.

இச்சாதனைகளின் ஆயுளை நோக்குவோர் வியப்புறுவர். ரையனின் நேரத்தை அமெரிக்கப் பாடசாலை மாணவர் ஒருவர் குறைப்பதற்கு 36 ஆண்டுகள் சென்றன. 2001ஆம் ஆண்டிலே அலன் வெப் என்பவர் 3 நிமிடம் 53.43 விநாடியில் ஓடினார். லிண்ட்கிரனின் 5,000 மீற்றர் சாதனை 40 ஆண்டுகள் நின்றது. 2004இல் கேலன் ரப் அதனை முறியடித்தார். இவ்விடைக்காலத்திலே கரித்தூள் பரப்பிய ஓடுபாதைகள் மறைந்து செயற்கைப் பாதைகள் வந்தன. பாதணிகள் இலேசாயின. பயிற்சி முறைகள் விஞ்ஞானத்தின் துணையைப் பெற்றன. வசதிகள் பெருகினால் சாதனைகள் தாமாகவே வீழும் என்பது உண்மையாயின், இவை இத்துணைக் காலம் நின்றிருக்க மாட்டா.

லிண்ட்கிரன் உள்ளரங்கிலே ஓடிய இரண்டு மைல் ஓட்டத்தின் சாதனை, 8 நிமிடம் 40 விநாடி, இவற்றினும் நெடிது நின்றது. அதனை 49 ஆண்டுகளின் பின் 2013இல் முறியடித்தவர் எட்வர்ட் செசரெக் ஆவார். அவர் கென்யாவின் மலைப்பகுதியிலே பிறந்து, நியூஜேர்சி மாநிலத்துப் பாடசாலையொன்றிற் கற்க வந்தவர். அமெரிக்காவின் பழைய சாதனையொன்று, முன்னர் அந்தப் போட்டிக்கு வரவே வழியில்லாதிருந்த மண்ணின் மகனால் வீழ்ந்தது. ஒரு சாதனை வீழுமா என்று கேட்கும்போது, தொடக்கக் கோட்டுக்கு இதுவரை வராதவர் யார் என்றும் உடன் கேட்க வேண்டும் என்பதை இந்நிகழ்ச்சி உணர்த்துகின்றது.

இதற்கு முன்னறிவிப்பாக அமைந்தது 1968ஆம் ஆண்டு மெக்சிக்கோ நகரில் நடைபெற்ற ஒலிம்பிக் விழாவாகும். கடல் மட்டத்திலிருந்து 2,240 மீற்றர் உயரத்தில் அமைந்த அந்நகரிலே, 1,500 மீற்றர் ஓட்டத்தில் ரையனே வெல்வார் என்று பலர் எதிர்பார்த்தனர். ஆனால் கென்ய நாட்டின் கிப் கெயினோ தொடக்கத்திலிருந்தே வேகத்தை மிகுத்து, ரையனை ஏறத்தாழ மூன்று விநாடி பின்னே விட்டுத் தங்கப் பதக்கம் பெற்றார். கெயினோ பொலிஸ் சேவையிலே பணியாற்றியவர். அவர் பிறந்த நந்தி மலைப்பகுதி ஏறத்தாழ 2,000 மீற்றர் உயரமுள்ளது. காற்றிலே பிராணவாயு அடர்த்தி குறைந்த இத்தகைய இடங்களில் வாழ்வோரின் உடல், குருதியிலே செவ்வணுக்களைப் பெருக்கிக்கொண்டு அக்குறையை ஈடு செய்ய முயல்கின்றது. நெடுந்தூரம் ஓடுவோருக்கு இது பெருந்துணையாகும். அந்த நந்தி மலைச்சரிவுகளிலே எங்கும் பரந்திருப்பது தேயிலை என்பது இங்கே கருதத்தக்கது.

கென்யாவின் அத்தேயிலை மலைகளைப் போன்ற உயரமும் குளிரும் சரிவும் இலங்கையிலும் உள்ளன. நுவரெலியாவிலிருந்து இராகலைக்குச் செல்லும் பாதையில், கடல் மட்டத்திலிருந்து ஆறாயிரம் அடிக்கு மேலே அமைந்துள்ளது கந்தப்பளை. மேலே தேயிலை மலைகள், கீழே லீக்ஸும் கரற்றும் உருளைக்கிழங்கும் விளையும் தோட்டங்கள், விடியற்காலையிலே மூடுபனி என்பன அவ்வூரின் தோற்றம். ஒரு காலத்திலே நாணுஓயாவிலிருந்து இராகலைக்குச் சென்ற குறுகிய பாதைப் புகையிரதம் இவ்வூர் வழியாகவே சென்றது. 1948இல் அப்பாதை மூடப்பட்டது. லயங்களிலிருந்து பாடசாலைக்கும் கடைத்தெருவுக்கும் செல்ல, அங்குள்ள சிறுவர் ஏற்றமும் இறக்கமுமான பாதையிலே நடந்தே பழகியவர். தேசிய ஓட்ட வீரர்கள் பயிற்சிக்கென நாடி வரும் நுவரெலியாவின் காற்றுத்தான் இவர்கள் பிறந்த நாள் முதல் சுவாசிக்கும் காற்றும். இயற்கை இவர்களுக்கு வஞ்சனை செய்யவில்லை.

அவ்வாறாயின், நந்தி மலை உலக வீரரைத் தந்த அந்நாளிலே கந்தப்பளை மலை ஏன் தரவில்லை? இதற்கு விடை வரலாற்றிலே உள்ளது. உயர்தரப் பாடசாலைச் சாதனை ஒன்றை ஏற்படுத்துவதற்கு முதலில் உயர்தரப் பாடசாலை ஒன்று வேண்டும். தோட்டத்துப் பிள்ளைகளுக்கு அது எட்டாத பொருளாய் இருந்தது. 1907ஆம் ஆண்டுச் சட்டம் ஆறு வயது முதல் பத்து வயது வரையுள்ள தோட்டப் பிள்ளைகளுக்குக் கல்வி அளிக்கும் பொறுப்பைத் தோட்ட நிருவாகத்திடம் விட்டது. அதன் பயனாக அமைந்தவை பெரும்பாலும் ஓரறைப் பாடசாலைகளே. ஓர் ஆசிரியர், ஐந்தாம் வகுப்போடு முடியும் படிப்பு, அதன் பின் கொழுந்துக் கூடையோ கவ்வாத்துக் கத்தியோ என்பதே முறை. 1945இலே இலவசக் கல்வித் திட்டம் நாட்டிலே நடைமுறைக்கு வந்தபோதும், தோட்டப் பாடசாலைகள் நெடுங்காலம் அதன் முழுப்பயனுக்கும் வெளியே நின்றன. மற்றைய மாணவன் பாடசாலை மைதானத்திலே ஓடிப் பழகும் பதினைந்து, பதினாறு வயதிலே தோட்டத்துச் சிறுவன் பிரட்டுக் களத்திலே பெயர் கொடுத்து நின்றான்.

1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் அவனைப் பிறந்த நாட்டிலேயே நாடற்றவனாக்கிற்று. லிண்ட்கிரனும் ரையனும் புகழ் பெற்ற அதே 1964ஆம் ஆண்டின் அக்டோபர் 30ஆம் நாளிலே, சிறிமாவோ பண்டாரநாயக்காவும் லால் பகதூர் சாஸ்திரியும் ஒப்பந்தம் ஒன்றில் கையொப்பமிட்டனர். நாடற்றவர்களாயிருந்த மலைநாட்டு மக்களுள் 5,25,000 பேர் இந்தியாவுக்கு அனுப்பப்படவும், மூன்று இலட்சம் பேர் இலங்கைக் குடியுரிமை பெறவும் அவ்வொப்பந்தம் வகை செய்தது. எஞ்சிய 1,50,000 பேரைப் பற்றிய முடிவு பின்னர் எடுக்கப்படும் என விடப்பட்டது. ஓரிடத்திலே சிறுவரின் ஓட்டம் விநாடியின் பத்திலொரு பங்கு வரை அளக்கப்பட்டுக்கொண்டிருந்தது. வேறோரிடத்திலே சிறுவர் தம் பெற்றோருடன் எந்த நாட்டுக் கணக்கில் சேர்வர் என்று எண்ணப்பட்டுக்கொண்டிருந்தனர். அடுத்த ஆண்டு எந்த மண்ணிலே இருப்போம் என்று அறியாத குடும்பத்துப் பிள்ளைக்குப் பயிற்சி என்பது எங்ஙனம் கைகூடும்?

இலங்கை மண் நெடுந்தூர வீரரைத் தர இயலாதது என்று எவரும் கூற முடியாது. 1970ஆம் ஆண்டு பாங்கொக் நகரில் நடைபெற்ற ஆசிய விளையாட்டு விழாவிலே, லூசியன் ரோசா 5,000 மீற்றர், 10,000 மீற்றர் ஆகிய இரு ஓட்டங்களிலும் தங்கப் பதக்கம் வென்றார். ஆனால் மலைநாட்டுத் தோட்டங்களுக்கு அத்தசாப்தம் கடினமானதாயிற்று. 1973, 1974ஆம் ஆண்டுகளில் உணவுத் தட்டுப்பாடு தோட்டத் தொழிலாளரை மிக வாட்டிற்று. பட்டினியால் உயிரிழந்தோரும் உளர்.

எனினும் அந்தத் தசாப்தத்திலேயே மாற்றமும் தொடங்கிற்று. தோட்டப் பாடசாலைகளை அரசாங்கம் படிப்படியாகப் பொறுப்பேற்றது. 1980களிலே சுவீடன் நாட்டின் உதவியோடு பல பாடசாலைகளுக்குக் கட்டடங்களும் ஆசிரியர்களும் கிடைத்தனர். 2003ஆம் ஆண்டுச் சட்டம் எஞ்சியிருந்தோரின் குடியுரிமைப் பிரச்சினைக்குத் தீர்வு கண்டது. பாடசாலை வந்த பின்னர் ஓட்டமும் வந்தது. ஹட்டன் பகுதியிலிருந்து புறப்பட்ட குமார் சண்முகேஸ்வரன் இராணுவ அணியிலே சேர்ந்து, தேசிய நெடுந்தூர ஓட்டங்களிலே பெயர் பெற்றமை இம்மாற்றத்தின் அடையாளமாகும்.

இனி வேண்டியவை யாவை என்பதற்குக் கென்யாவே சான்று. அங்கு ஈட்டென் என்னும் மலையூரிலுள்ள சென்ற் பற்றிக்ஸ் உயர்தரப் பாடசாலைக்கு 1976இலே ஆசிரியராக வந்தவர் அயர்லாந்துத் துறவி கொல்ம் ஓகொனல். ஓட்டப் பயிற்சியில் முன்னனுபவம் இல்லாத அவர், மாணவரிடமிருந்தே கற்று மாணவருக்குக் கற்பித்தார். 1988ஆம் ஆண்டு சியோல் ஒலிம்பிக்கிலே 1,500 மீற்றர் ஓட்டத்தில் தங்கம் வென்ற பீற்றர் ரோனோ அப்பாடசாலை மாணவரே. மலை உயரம் ஈட்டெனுக்கு முன்பும் இருந்தது. பிள்ளைகளைத் தொடர்ந்து கவனித்து, ஆண்டுதோறும் பயிற்றுவிக்கும் ஒருவர் வந்த பின்னரே அவ்வுயரம் பயன் தந்தது.

மலைநாட்டிலே மைதானத்துக்குச் சமநிலம் கிடைப்பதே அரிது. கிடைக்கும் சமநிலத்திலே தொழிற்சாலையோ காய்கறிப் பாத்தியோ இருக்கும். அதனினும் பெரிய குறை உணவே. 2016ஆம் ஆண்டு அரசாங்கம் நடத்திய சுகாதார ஆய்வின்படி, ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளுள் வயதுக்கேற்ற உயரம் அடையாதோர் நாடு முழுவதிலும் நூற்றுக்கு 17 பேர். தோட்டப் பகுதிகளிலோ நூற்றுக்கு 32 பேர். ஐந்து வயதுக்குள் இழந்த வளர்ச்சியைப் பதினாறு வயதிலே பயிற்சியாளர் எவரும் முழுவதும் மீட்டுத் தர முடியாது. எனவே நெடுந்தூர ஓட்டத்துக்கான ஆயத்தம் தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவிலே, அங்கு ஊட்டப்படும் உணவிலே தொடங்குகின்றது.

நீண்டகாலச் சாதனைகள் வீழுமா என்ற வினாவுக்கு விடை இதுவே. அவை வீழும். நாற்பது ஆண்டுகள் நின்றதும் வீழ்ந்தது. நாற்பத்தொன்பது ஆண்டுகள் நின்றதும் வீழ்ந்தது. ஓட வருவோரின் வட்டம் விரியும்போது அவை விரைவில் வீழ்கின்றன. வட்டம் குறுகியிருக்குமளவும் நிற்கின்றன. கந்தப்பளையிலே பாடசாலை மணிக்கு முன் சரிவுப்பாதையில் விரைந்து இறங்கும் பிள்ளைகளுள் எவருக்கு அத்தகைய ஆற்றல் உண்டு என்பதை இன்று எவராலும் கூற இயலாது. அவர்களுக்கு வயிறார உணவும், ஓடுவதற்கு ஒரு துண்டு நிலமும், நேரம் குறித்து நிற்கும் ஓர் ஆசிரியரும் கிடைத்தால், அதனை அறிந்துகொள்ள அதிக காலம் செல்லாது.