முன் பிரேக்கைத் தொடாதே: ஒரு அறிவுரையோட வரலாறு

போன வாரம் ஒரு வாய்ஸ் நோட் வந்துச்சு. தாம்பரத்துல இருந்து ஒரு தம்பி. வேலை கிடைச்சு மூணு மாசம் ஆச்சு, முதல் பைக் வாங்கப் போறான். ரெண்டு கேள்வி கேட்டிருந்தான். "அண்ணா, பழைய ஆர்எக்ஸ் 100 ஒண்ணு விலைக்கு வருது, எடுக்கலாமா? அப்புறம், முன் பிரேக்கைத் தொடவே கூடாது, தூக்கி அடிச்சிடும்னு எங்கப்பா சொல்றார். உண்மையா?"

முதல் கேள்விக்கு யூடியூப்ல ஆயிரம் பேர் பதில் சொல்லுவாங்க. என்னைத் தூங்கவிடாம பண்ணது ரெண்டாவதுதான். ஏன்னா இதே வார்த்தையை நீங்களும் கேட்டிருப்பீங்க. அப்பா, மாமா, பக்கத்து வீட்டு அண்ணன், யாரோ ஒருத்தர் சொல்லியிருப்பார். இத்தனை பேர் ஒரே மாதிரி சொல்றாங்கன்னா அதுக்கு ஒரு காரணம் இருக்கணும். அந்தக் காரணத்தைத் தேடிப் போறதுதான் இன்னைக்கு எபிசோட்.

கதை நம்ம ஊர்லயே ஆரம்பிக்குது. 1955-ல் மெட்ராஸ் மோட்டார்ஸும் இங்கிலாந்தோட ராயல் என்ஃபீல்டும் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்கினாங்க. அங்கிருந்து வந்த பாகங்களை வெச்சு புல்லட் 350-ஐ இங்கே பூட்ட ஆரம்பிச்சாங்க. பின்னாடி திருவொற்றியூர் தொழிற்சாலையில முழு வண்டியும் இங்கேயே தயாராச்சு. அந்த புல்லட்ல பிரிட்டிஷ் வழக்கப்படி கியர் வலது காலுக்கு, பின் பிரேக் இடது காலுக்கு. முதல் கியருக்கு மேலே தூக்கணும், மத்ததுக்குக் கீழே மிதிக்கணும்.

1961 வாக்கில் மைசூர்ல ஐடியல் ஜாவா வண்டி வருது. இது செக்கோஸ்லோவாகியா குடும்பம். கியர் இடது காலுக்கு, பிரேக் வலது காலுக்கு. அதுலயும் ஒரு வேடிக்கை, கிக்கரும் கியர் லீவரும் ஒண்ணேதான். உதைச்சு ஸ்டார்ட் பண்ணிட்டு, அதையே முன்னாடி மடிச்சு கியரா வெச்சுக்கணும். 1972-ல் வந்த பஜாஜ் சேட்டக்ல கியர் இடது கையில, பிரேக் வலது காலுக்கு. 1980-ல் ஓசூர்ல இருந்து டிவிஎஸ் 50 வருது, அதுல கியரும் இல்ல, கிளட்ச்சும் இல்ல.

இப்போ யோசிங்க. ஒரே தெருவுல நாலு வீடு, நாலு வண்டி. அவசரத்துல எந்தக் காலை அழுத்தணும்ங்கறதே வீட்டுக்கு வீடு மாறுது. இதையெல்லாம் யார் சொல்லிக் கொடுத்தா? கார் கத்துக்க டிரைவிங் ஸ்கூல் போனாங்க. டூவீலருக்கு அந்தத் தெருதான் ஸ்கூல், சித்தப்பாதான் வாத்தியார். அவர் தன்னோட வண்டியில பட்டதைத்தான் சொல்லிக் கொடுப்பார்.

அவர் பட்டது என்ன? அன்னைக்கு எல்லாமே டிரம் பிரேக், கேபிள் இழுத்து வேலை செய்யுறது. டிரம்முக்கு ஒரு குணம் உண்டு. உள்ளே இருக்குற ஷூ ஒண்ணு, சக்கரம் சுத்துற வேகத்துலயே இன்னும் உள்ளே இழுக்கப்பட்டு இறுகும். நீங்க கொடுத்த அழுத்தத்தைவிட அதிகமா பிடிக்கும். மழைத்தண்ணி உள்ளே போச்சுன்னா முதல்ல பிடிக்கவே பிடிக்காது, அப்புறம் திடீர்னு பிடிக்கும். ரோட்டு ஓரம் மணல், ஜல்லி. அதுல முன் சக்கரம் ஒரு நொடி பூட்டிக்கிட்டா ஆள் கீழே. பின் சக்கரம் பூட்டிக்கிட்டா வால் ஆடும், ஆனா சமாளிச்சிடலாம்.

இன்னொரு விஷயம் எனக்கு ரொம்பப் பிடிச்சது. அன்னைக்கு ஒரு ஸ்கூட்டர் தனியா ஒரு ஆளைச் சுமக்கல. முன்னாடி ஒரு குழந்தை நிக்கும், பின்னாடி மனைவி, மடியில இன்னொரு குழந்தை, சில நாள் கேஸ் சிலிண்டர். இன்ஜினும் பின்னாடிதான். பாரம் முழுக்கப் பின் சக்கரத்து மேல இருந்தா பின் பிரேக் நல்லாவே பிடிக்கும். அதனால அப்பா பொய் சொல்லல. அவர் ஓட்டின வண்டிக்கு, அவர் ஓட்டின ரோட்டுக்கு, அது நல்ல அறிவுரை.

பிரச்சினை என்னன்னா, வண்டி மாறிடுச்சு, அறிவுரை மாறல. 1984-ல் ஓசூர்ல இந்த்-சுசுகி, 1985-ல் ஹீரோ ஹோண்டா சிடி 100, அதே வருஷம் எஸ்கார்ட்ஸ் யமஹா ஆர்எக்ஸ் 100. ஜப்பான்காரங்க வந்ததும் கியர் இடது கால், பிரேக் வலது கால்னு குழப்பம் தீர்ந்துச்சு. தொண்ணூறுகளோட கடைசியில இருந்து முன் சக்கரத்துல டிஸ்க் பிரேக் பரவ ஆரம்பிச்சுது. கை அழுத்துற அளவுக்குப் பிடிக்கிற, மழையிலயும் ஓரளவு நம்பகமான பிரேக். ஆனா கத்துக்கொடுக்குற சித்தப்பா இன்னும் சேட்டக்லயே உட்கார்ந்திருந்தார்.

இங்கே கொஞ்சம் கணக்கு. இன்ஜினியரிங் படிச்சதுக்கு இதையாவது பண்ணணும்ல! தனியா ஓட்டுற ஒரு சாதாரண பைக்கை எடுத்துக்கோங்க. நிக்கும்போது பாரம் ரெண்டு சக்கரத்துக்கும் பாதிப் பாதின்னு வெச்சுப்போம். பிரேக் பிடிச்சதும் உடம்பு முன்னாடி சாயுதுல்ல, அதே மாதிரி பாரமும் முன் சக்கரத்துக்குப் போகுது. வண்டியும் ஆளும் சேர்ந்த எடைமையத்தோட உயரம், ரெண்டு சக்கரத்துக்கு நடுவுல இருக்குற தூரத்துல பாதின்னு எடுத்து, காய்ஞ்ச தார் ரோடுக்கு உராய்வு 0.8-ன்னு போட்டா, மணிக்கு 60 கிலோமீட்டர்ல இருந்து நிக்க ஆகுற தூரம் இப்படி வருது. பின் பிரேக் மட்டும்: கிட்டத்தட்ட 50 மீட்டர். முன் பிரேக் மட்டும்: 21 மீட்டர். ரெண்டும் சேர்த்து: 18 மீட்டர்.

இது காகிதக் கணக்கு, கை தேர்ந்தவங்களுக்குக் கிடைக்குற எண். நமக்குச் சில மீட்டர் கூடவே ஆகும். ஆனா விகிதத்தைப் பாருங்க. 50-க்கும் 18-க்கும் நடுவுல 32 மீட்டர். ஓஎம்ஆர்ல உங்களுக்கு முன்னாடி ஒரு பஸ் சடன் பிரேக் போட்டா, அந்த 32 மீட்டர் எங்கே இருந்து வரும்?

இதை வெறும் கணக்கா இல்லாம விபத்து நடந்த இடத்துக்கே போய்ப் பார்த்தவங்க இருக்காங்க. அமெரிக்காவுல தெற்கு கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் ஹாரி ஹர்ட்டோட குழு, லாஸ் ஏஞ்சலிஸ் பகுதியில 900-க்கும் மேல மோட்டார் சைக்கிள் விபத்துகளை நேர்ல போய் ஆராய்ஞ்சுது. 1981-ல் அறிக்கை வந்துச்சு. விபத்துல சிக்கினவங்கள்ல 92 சதவீதம் பேர் தானா கத்துக்கிட்டவங்க, இல்லேன்னா குடும்பத்தினர், நண்பர்கள்கிட்ட கத்துக்கிட்டவங்க. அங்கேயும் சித்தப்பாதான் வாத்தியார்! கடைசி நொடியில அவங்க பண்ணது என்ன? பின் பிரேக்கை அழுத்தி மிதிச்சு சறுக்கினாங்க, முன் பிரேக்கைப் போதுமான அளவுக்குப் பயன்படுத்தல. ஆபத்து கண்ணுல பட்டதுல இருந்து மோதுற வரைக்கும் பெரும்பாலும் ரெண்டு நொடிகூட இல்ல. அந்த நேரத்துல மூளை புதுசா யோசிக்காது, கையும் காலும் பழகினதைத்தான் செய்யும். "முன் பிரேக்கைத் தொடாதே"ன்னு பழகின கை, தொடாது.

நம்ம ஊர் லைசென்ஸ் டெஸ்ட்ல இது தெரிய வருமா? எல்எல்ஆர் எடுத்து முப்பது நாள் கழிச்சு ஆர்டிஓ ஆபீஸ் போறோம். காலை ஊனாம எட்டு போடுறோம். பாலன்ஸ் இருக்கான்னு பார்க்க எட்டு நல்ல சோதனைதான், குறை சொல்லல. ஆனா எட்டு போடுற வேகத்துல யாரும் உயிரை விடுறதில்ல.

அப்புறம் அரசாங்கம் ஒரு வேலை பண்ணுச்சு. யாருக்கும் பாடம் நடத்தல, வண்டியை மாத்திடுச்சு. 2018 ஏப்ரல் 1-ல் இருந்து புது மாடல்களுக்கும், 2019 ஏப்ரல் 1-ல் இருந்து எல்லா மாடல்களுக்கும் விதி: 125 சிசிக்கு மேல ஏபிஎஸ் கட்டாயம், அதுக்குக் கீழே குறைஞ்சது சிபிஎஸ்ஸாவது வேணும். சிபிஎஸ்னா என்ன தெரியுமா? நீங்க பின் பிரேக்கை மிதிச்சா, முன் பிரேக்கும் கூடவே கொஞ்சம் பிடிக்கும். இதைப் படிச்சப்போ எனக்குச் சிரிப்பு வந்துச்சு. இவங்க முன் பிரேக்கைத் தொடவே மாட்டாங்கன்னு புரிஞ்சுக்கிட்டு, அவங்க மிதிக்குற பெடல்லயே அதைக் கட்டிவிட்டுட்டாங்க. எத்தனையோ அப்பாக்கள் இன்னைக்கு 100 சிசி வண்டியில தங்களுக்கே தெரியாம முன் பிரேக் பிடிச்சுக்கிட்டு இருக்காங்க. ஏபிஎஸ், அவங்க பயந்த அந்த முன் சக்கரம் பூட்டிக்குற பிரச்சினையையே குறி வெச்சது. அதனாலதான் சிங்கிள் சேனல்னு விக்கிற வண்டியில ஏபிஎஸ் முன் சக்கரத்துக்கு மட்டும் இருக்கு.

ஹெல்மெட் கதை தனி எபிசோடுக்கு வேணும், இப்போ ஒரு வரி மட்டும். 1935-ல் பைக் விபத்துல இறந்த டி. இ. லாரன்ஸுக்குச் சிகிச்சை கொடுத்த மருத்துவர்கள்ல ஒருத்தரான ஹியூ கெய்ர்ன்ஸ், அதுக்கப்புறம் பல வருஷம் தலைக்காயங்களை ஆராய்ஞ்சு எழுதினதாலதான், 1941-ல் பிரிட்டிஷ் ராணுவம் தன் பைக் வீரர்களுக்கு ஹெல்மெட்டைக் கட்டாயமாக்குச்சு. நம்ம சென்னை உயர் நீதிமன்ற உத்தரவால இங்கே 2015 ஜூலை 1-ல் இருந்து பின்னாடி உட்கார்றவங்களுக்கும் கட்டாயம்னு கெடுபிடி வந்தது ஞாபகம் இருக்கும்.

சரி, தாம்பரம் தம்பிக்கு. ஆர்எக்ஸ் 100 அழகான வண்டி, அந்தச் சத்தத்துக்கு நானும் திரும்பிப் பார்ப்பேன். ஆனா 98 சிசில 11 குதிரைத்திறன், நூறு கிலோ எடை, முன்னும் பின்னும் டிரம். 1996-லயே தயாரிப்பு நின்னு போச்சு. டூ-ஸ்ட்ரோக்ல ஆக்ஸிலேட்டரை விட்டா இன்ஜினே வண்டியை இழுத்துப் பிடிக்கிறதும் ரொம்பக் கம்மி. இப்போ அதுக்குக் கேக்குற விலைக்கு ஏபிஎஸ் வெச்ச புது 150 வரும். முதல் வண்டியா அது வேண்டாம்பா. ரெண்டாவது வண்டியா வெச்சுக்கோ, ஞாயித்துக்கிழமை தொடைச்சுத் தொடைச்சுப் பாரு.

ஷோரூம்ல சிசியைக் கேக்குறதுக்கு முன்னாடி சீட்ல உட்காரு. ரெண்டு பாதமும் தரையில நல்லா படியுதா? இன்ஜினை ஆஃப் பண்ணிட்டு, வண்டியைத் தள்ளிப் பின்னாடி எடுக்க முடியுதா? 190 கிலோவுக்கு மேல இருக்குற புல்லட் டிராஃபிக்ல ஒரு பக்கம் சாய ஆரம்பிச்சா, அதை நிறுத்துறது கெத்து இல்ல, உன் முட்டி.

வண்டி வந்ததும், ஆள் இல்லாத ஒரு காலி ரோடு, காலை ஆறு மணி. ஹேண்டில்பார் நேரா இருக்கணும். 20-ல் போய், முன் பிரேக்கை ரெண்டு விரலால மெதுவா ஆரம்பிச்சு இறுக்கு, எலுமிச்சம்பழம் பிழியுற மாதிரி. படக்குன்னு பிடிக்காதே. முன் ஃபோர்க் கீழே இறங்குறது தெரியும், அதுக்கப்புறம்தான் முழு பலம். கூடவே பின் பிரேக். 20 பழகினதும் 30, அப்புறம் 40. நின்ன இடத்துல சாக்பீஸ்ல கோடு போடு, ஒரு வாரத்துல அந்தக் கோடு எவ்வளவு கிட்ட வருதுன்னு பாரு. மணல், ஜல்லி, திருப்பம் மூணுலயும் மட்டும் அப்பா சொன்னதைக் கேளு, அங்கே முன் பிரேக் விஷயத்துல அவர் சொல்றது இன்னைக்கும் சரி. ஏபிஎஸ் இருந்தாலும் சாய்ஞ்சு திரும்பும்போது அது உன்னைக் காப்பாத்தும்னு நம்பாதே, திருப்பத்துக்கு முன்னாடியே வேகத்தைக் குறைச்சுக்கோ. முதல் மழை வந்ததும் அதே ரோட்டுக்குப் போய் மறுபடி 20-ல இருந்து ஆரம்பி.