மூட்டு மருந்துகளும் தமனிச் சுவரும்: முடக்குவாதச் சிகிச்சையின் எழுபது ஆண்டுகள்

முடக்குவாத நோயாளிகள் எத்தனை காலம் வாழ்கிறார்கள், எதனால் இறக்கிறார்கள் என்று பாஸ்டன் மருத்துவர்களான காப், ஆண்டர்சன், பாவர் ஆகிய மூவர் கணக்கெடுத்து 1953இல் ‘நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில்’ வெளியிட்டார்கள். இந்நோய் ஆளை முடக்கும், ஆனால் கொல்லாது என்றே அதுவரை பெரும்பாலோர் எண்ணியிருந்தார்கள். கணக்கு வேறுவிதமாக இருந்தது. அதே வயதுடைய மற்றவர்களைவிட இவர்களின் ஆயுள் குறைந்திருந்தது. ஆனாலும் அந்தக் கட்டுரை உரிய கவனத்தைப் பெறவில்லை. மருத்துவ உலகம் அப்போது வேறொரு வெற்றியைக் கொண்டாடிக்கொண்டிருந்தது.

1948 செப்டம்பர் 21 அன்று அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில், நடக்கவே திணறிய 29 வயதுப் பெண் ஒருவருக்கு பிலிப் ஹென்ச் கார்ட்டிசோன் என்ற ஸ்டீராய்டை ஊசியாகப் போட்டார். சில நாட்களில் அவர் எழுந்து நடந்தார். இரண்டே ஆண்டுகளில், 1950இல், ஹென்ச்சுக்கும், அந்த மருந்தின் வேதியியலை ஆராய்ந்த கெண்டல், ரைக்ஸ்டைன் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. அதற்கு முன்பு முக்கியமாக இருந்தவை ஆஸ்பிரினும், 1929இல் பிரான்சின் ழாக் ஃபோரெஸ்தியே முன்வைத்த தங்க உப்பு ஊசியும்தான். இவை எல்லாவற்றையும் ஒரே அளவுகோலால் மதிப்பிட்டார்கள்: வீக்கம் வற்றியதா, விரல் மடங்குகிறதா, காலையில் எழும்போது உள்ள விறைப்பு எவ்வளவு நேரத்தில் விடுகிறது? ஸ்டீராய்டை நீண்ட நாள் சாப்பிட்டவர்களுக்கு இரத்த அழுத்தமும் சர்க்கரையும் கொழுப்பும் ஏறுவது விரைவிலேயே தெரிந்துவிட்டது. அதைப் பக்கவிளைவுப் பட்டியலில் எழுதிவைத்தார்களே தவிர, மூட்டைத் தாக்கும் நோயே தமனியையும் தாக்குகிறதா என்ற கேள்வி எழவில்லை.

அந்தக் கேள்வியை எழுப்பும் அறிவு மூட்டு மருத்துவத்துக்கு வெளியே வளர்ந்தது. இரத்தக்குழாயின் உட்சுவர் வெறும் உறை அன்று, குழாயைத் தளரவைக்கும் ஒரு பொருளைத் தானே சுரக்கிறது என்று 1980இல் ராபர்ட் ஃபர்ச்காட் காட்டினார். அது நைட்ரிக் ஆக்சைடு என்பது பின்னர் தெளிவாயிற்று. இந்தச் சுரப்பு சரியாக நடக்கிறதா என்று ஊசி ஏற்றாமல் அறியும் முறையை 1992இல் செலர்மேயர் குழுவினர் வெளியிட்டார்கள். கையில் பட்டை கட்டிச் சில நிமிடங்கள் இரத்த ஓட்டத்தை நிறுத்துவார்கள். விட்டதும் பாய்ந்து வரும் இரத்தத்துக்குத் தமனி எவ்வளவு விரிகிறது என்று அல்ட்ராசவுண்டில் அளப்பார்கள். உட்சுவர் நலிந்திருந்தால் விரிவு குறையும். 1999இல் ரஸ்ஸல் ராஸ், தமனித் தடிப்பு என்பது கொழுப்பு தேங்குவதால் மட்டும் வருவதன்று, அடிப்படையில் அது ஓர் அழற்சி நோய் என்று எழுதினார். முடக்குவாதத்தில் மூட்டின் உட்சவ்வைத் தாக்கும் அதே வெள்ளணுக்களும், அழற்சியைத் தூண்டும் சைட்டோகைன்களும் தமனிச் சுவரிலும் வேலை செய்கின்றன என்றால், இவை இரண்டு நோய்கள் என்று சொல்வதே கடினமாகிறது.

எண்கள் அடுத்தடுத்து வந்தன. டெக்சாஸின் சான் அன்டோனியோவில் 236 நோயாளிகளைத் தொடர்ந்து பார்த்த ஆய்வு 2001இல் வெளியானது. அவர்களுக்கு மாரடைப்பு, பக்கவாதம் போன்றவை வந்த வீதம் பொதுமக்களைப் போல ஏறத்தாழ நான்கு மடங்கு. புகை, சர்க்கரை, இரத்த அழுத்தம், கொலஸ்ட்ரால் ஆகியவற்றின் பங்கைக் கழித்த பிறகும் அது மூன்று மடங்குக்குக் கீழே இறங்கவில்லை. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட அமெரிக்கச் செவிலியர்களைத் தொடர்ந்த ஆய்வு 2003இல், முடக்குவாதம் உள்ள பெண்களுக்கு மாரடைப்பு வாய்ப்பு இரு மடங்கு என்றது. என் பார்வையில் இவற்றைவிட முக்கியமானது மினசோட்டா மாநிலத்தின் ராச்செஸ்டர் பகுதிப் பதிவேடுகளைக் கொண்டு 2005இல் வந்த ஆய்வு. முடக்குவாதம் என்று உறுதியாவதற்கு முந்தைய இரண்டு ஆண்டுகளிலேயே மாரடைப்பு இவர்களிடம் கூடுதலாக இருந்தது. நெஞ்சுவலி தெரியாமலே மாரடைப்பு வந்துபோவதும் அதிகம். ஆக, மருந்து தொடங்கும் முன்பே தமனியில் கேடு தொடங்கிவிடுகிறது. மருந்துகள்மேல் எல்லாப் பழியையும் போட முடியாது.

இதில் ஒரு விந்தையும் உண்டு. அழற்சி கொழுந்துவிட்டு எரியும்போது கொலஸ்ட்ரால் குறைகிறது. பரிசோதனைத் தாளைப் பார்த்து ‘நன்றாக இருக்கிறது’ என்று சொல்லப்படுபவரே அதிக ஆபத்தில் இருக்கக்கூடும். சிகிச்சை பலித்து அழற்சி தணிந்ததும் கொலஸ்ட்ரால் ஏறுகிறது.

இந்த வரலாற்றின் நடுநாயகம் மெத்தோட்ரெக்ஸேட். அதன் வேர் சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்த எல்லாப்பிரகட சுப்பாராவின் உழைப்பில் இருக்கிறது. அமெரிக்காவின் லெடர்லே ஆய்வகத்தில் அவருடைய குழு ஃபோலிக் அமிலத்தை ஆராய்ந்தது. அந்த அமிலத்தை எதிர்க்கும் அமினோப்டெரினையும் அதன் உறவான மெத்தோட்ரெக்ஸேட்டையும் உருவாக்கியது. அமினோப்டெரினை இரத்தப் புற்றுநோய் கண்ட குழந்தைகளுக்குக் கொடுத்துக் கண்ட பலனை 1948இல் சிட்னி ஃபார்பர் வெளியிட்டார். சுப்பாராவ் அதே ஆண்டு காலமானார். அமினோப்டெரின் மூட்டுக்கும் உதவும் என்று நியூயார்க்கின் குப்னர் 1951இல் எழுதினார். ஆனால் அது கார்ட்டிசோனின் பொற்காலம். புற்றுநோய் மருந்தை மூட்டு வலிக்கு யார் கொடுப்பார்கள்? 1985இல்தான் முறையான ஆய்வு மெத்தோட்ரெக்ஸேட்டின் பயனை நிறுவியது. அமெரிக்க அரசின் அனுமதி 1988இல் கிடைத்தது. வாரம் ஒருமுறை, சிறு அளவு.

2002இல் ‘லான்செட்’ இதழில் சோய் குழுவினரின் கட்டுரை வந்தது. கான்சாஸின் விச்சிட்டாவில் 1,240 நோயாளிகளைத் தொடர்ந்ததில், மெத்தோட்ரெக்ஸேட் எடுத்தவர்களிடையே இதய, இரத்தக்குழாய் மரணங்கள் 70 விழுக்காடு குறைவு. நோய் கடுமையாக இருந்தவர்களுக்கே இந்த மருந்து கொடுக்கப்பட்டிருந்தது; அதைக் கணக்கில் கொண்ட பிறகு வந்த விடை இது. மூட்டு மருந்து இதயத்தைக் காக்கிறது என்ற எண்ணம் வலுப்பெற்றது. இருந்தாலும் இது கண்காணிப்பு ஆய்வுதான். யாருக்கு மருந்து என்பதை முடிவு செய்தவர் மருத்துவர்; குலுக்கல் அன்று.

குலுக்கல் முறையில் பிரித்துப் பார்த்த பெரிய ஆய்வு 2019இல் வெளியானது. முன்பே தமனி நோயும், கூடவே சர்க்கரையோ வளர்சிதைக் கோளாறோ இருந்த 4,786 பேரில் ஒரு பாதிக்கு மெத்தோட்ரெக்ஸேட், மறு பாதிக்கு மருந்தில்லா மாத்திரை. மாரடைப்பு, பக்கவாதம், மரணம் எதுவும் குறையவில்லை. விச்சிட்டா கண்டது பொய் என்று சிலர் முடிவு கட்டினார்கள். நான் அப்படிக் கருதவில்லை. இந்த 4,786 பேர் முடக்குவாத நோயாளிகள் அல்லர். அழற்சியைக் காட்டும் இரத்தப் புரதமான சி.ஆர்.பி.யின் அளவு அவர்களிடம் தொடக்கத்திலேயே குறைவு. மருந்து அதை மேலும் இறக்கவும் இல்லை. எரியாத அடுப்பில் தண்ணீர் ஊற்றிவிட்டு, தண்ணீர் தீயை அணைக்காது என்று சொல்வதற்கு இது நிகர். இரு ஆய்வுகளும் வேறு வேறு கேள்விகளுக்கு விடை தந்தன.

அழற்சியைத் தணித்தால் மாரடைப்பு குறையும் என்பதற்கு வலுவான சான்று வேறொரு மருந்திலிருந்து கிடைத்தது. இன்டர்லூக்கின்-1 பீட்டா என்ற சைட்டோகைனைத் தடுக்கும் கானகினுமாபை, மாரடைப்பு வந்து சி.ஆர்.பி. உயர்ந்திருந்த பத்தாயிரம் பேரிடம் சோதித்ததில், 150 மில்லிகிராம் அளவு மீண்டும் வரும் ஆபத்தை 15 விழுக்காடு குறைத்தது. இது 2017இல். உயிர்பறிக்கும் தொற்றுகள் கூடியதும் அதே ஆய்வில் பதிவாயிற்று.

லண்டனில் மார்க் ஃபெல்ட்மனும் ரவீந்தர் மைனியும் டி.என்.எஃப். என்ற சைட்டோகைனைக் குறிவைத்தார்கள். 1992இல் 20 நோயாளிகளிடம் செய்த சோதனையிலிருந்து இன்ஃப்ளிக்ஸிமாப் எழுந்தது. சூரிச்சில் 11 நோயாளிகளுக்கு அதைக் கொடுத்து, முன்னே சொன்ன தமனி விரிவு முறையில் அளந்தார்கள். 12 வாரங்களில் விரிவு 3.2 விழுக்காட்டிலிருந்து 4.1 ஆயிற்று. சிறிய ஆய்வுதான். ஆனால் மூட்டு மருந்தின் விளைவைத் தமனிச் சுவரிலேயே அளந்து காட்டிய வகையில் 2002இன் இந்த அளவீட்டுக்குத் தனி இடம் உண்டு. பிரிட்டனின் முடக்குவாத நோயாளிகள் பதிவேடு 2007இல் இன்னொரு நுட்பத்தைச் சேர்த்தது: டி.என்.எஃப். தடுப்பு மருந்து எடுத்த எல்லோருக்கும் மாரடைப்பு குறையவில்லை. ஆறு மாதத்துக்குள் மூட்டு நன்றாகக் குணம் கண்டவர்களுக்கே குறைந்தது. காணாதவர்களோடு ஒப்பிட்டால், ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு.

இதிலிருந்து ‘எந்த வழியிலாவது வீக்கத்தை அடக்கு, குழாய் பிழைக்கும்’ என்று தேற்றம் எழுதிவிட முடியாது. ரோஃபெகாக்ஸிப் அதற்கு முதல் சாட்சி. வயிற்றுப் புண் வராத வலிநிவாரணி என்று வந்த இதை 8,076 முடக்குவாத நோயாளிகளிடம் பழைய வலிநிவாரணியான நாப்ராக்ஸெனோடு ஒப்பிட்டு, 2000இல் முடிவை வெளியிட்டார்கள். வயிறு தப்பியது, மாரடைப்பு பல மடங்கு கூடியது. குழாய்ச் சுவர் சுரக்கும் புரோஸ்டாசைக்ளினை மருந்து தடுத்தது, இரத்தத் தட்டணுக்களின் த்ராம்பாக்சேனைத் தடுக்கவில்லை. அதனால் தராசு உறைவுப் பக்கம் சாய்ந்தது என்பதே ஏற்கப்பட்ட விளக்கம். நாப்ராக்ஸென் இதயத்தைக் காத்ததால்தான் வேறுபாடு தெரிகிறது என்று வாதாடிய, ரோஃபெகாக்ஸிபைத் தயாரித்த மெர்க் நிறுவனம் 2004 செப்டம்பர் 30 அன்று மருந்தைச் சந்தையிலிருந்து திரும்பப் பெற்றது. இடைப்பட்ட நான்கு ஆண்டுகளுக்கு அந்த வாதத்தைச் சமாதானமாக ஏற்க என்னால் இயலவில்லை.

இரண்டாவது சாட்சி டோஃபாசிட்டினிப். ஊசி வேண்டாம், மாத்திரை போதும் என்ற வசதியோடு 2012இல் அனுமதி பெற்றது, மூட்டுக்கு டி.என்.எஃப். தடுப்பு மருந்துகளுக்கு இணையாகப் பலன் தந்தது. 50 வயது கடந்து, இதய நோய்க்கான ஒரு காரணியாவது உள்ள 4,362 பேரிடம் நடந்த ஆய்வின் முடிவு 2022இல் அச்சானது. பெரிய இதயக் கேடுகள் டோஃபாசிட்டினிப் பிரிவில் 3.4 விழுக்காடு, டி.என்.எஃப். தடுப்புப் பிரிவில் 2.5. இதற்கு நேர்மாறு டோசிலிசுமாப் என்ற இன்னொரு முடக்குவாத மருந்து. அது எல்.டி.எல். கொலஸ்ட்ராலை உயர்த்துவதால் அச்சம் இருந்தது. 3,080 பேரிடம் டி.என்.எஃப். தடுப்பு மருந்தான எட்டனர்செப்டோடு ஒப்பிட்டதில் கூடுதல் ஆபத்து எதுவும் தெளிவாகப் புலப்படவில்லை.

தமனிச் சுவரின் அழற்சியையே பெட் ஸ்கேனில் அளந்த அமெரிக்க ஆய்வு 2023இல் வெளிவந்தது. மெத்தோட்ரெக்ஸேட் மட்டும் போதாதவர்களில் ஒரு பிரிவுக்கு விலையுயர்ந்த டி.என்.எஃப். தடுப்பு ஊசி, இன்னொரு பிரிவுக்கு மெத்தோட்ரெக்ஸேட்டோடு சல்ஃபாசலசினும் ஹைட்ராக்ஸிகுளோரோகுவினும். அழற்சி இரு பிரிவிலும் ஏறத்தாழ 8 விழுக்காடு தணிந்தது. வேறுபாடு இல்லை. ஊசிக்குப் பணம் இல்லாத நோயாளிகளும் அவர்களின் மருத்துவர்களும் இந்த முடிவைக் கவனிக்க வேண்டும்.

முடக்குவாதம் உள்ளவருக்கு வழக்கமான இதய ஆபத்துக் கணக்கின் விடையை 1.5ஆல் பெருக்கிக்கொள்ளும்படி ஐரோப்பிய மூட்டு மருத்துவர் அமைப்பு 2010இல் சில நிபந்தனைகளோடு பரிந்துரைத்தது. பெருக்கிய பிறகு செய்ய வேண்டியது பழைய வேலைதான்: இரத்த அழுத்தம், சர்க்கரை, புகை, கொலஸ்ட்ராலைக் குறைக்கும் ஸ்டாட்டின். ஆனால் மூட்டு மருத்துவர் அதை இதய மருத்துவரின் பாடு என்கிறார். இதய மருத்துவரிடம் நோயாளி போவதோ நெஞ்சுவலி வந்த பிறகு. ஸ்டாட்டின் பயனைத் தனியாக நிறுவ, 3,002 முடக்குவாத நோயாளிகளிடம் அட்டோர்வாஸ்டாட்டினைச் சோதிக்கும் ஆய்வு பிரிட்டனில் நடந்தது. இதயக் கேடுகள் 34 விழுக்காடு குறைவாகவே தெரிந்தன. ஆனால் இரு பிரிவிலும் கேடுகள் எதிர்பார்த்ததைவிடச் சொற்பமாக நிகழ்ந்ததால் ஆய்வை இடையிலேயே நிறுத்தினார்கள். 34 என்ற அந்த எண் புள்ளியியல் உறுதியை எட்டாமலே 2019இல் அச்சேறியது.