வாவியின் இரு கரைகளும் அரை மணி நேரமும்: மென்பொருள் அமைவுகள் குறித்த ஓர் ஆய்வு

வியாபார மென்பொருளில் அமைவுகளைச் சேமிப்பது அற்ப வேலையாகத் தெரியும். மதிப்பை எழுதி வைத்தால் போதும், அடுத்த முறை திறக்கும்போது நிரல் அதை ஏற்றிக்கொள்ளும். அந்த மதிப்பு எந்த நாளிலிருந்து செல்லும் என்பதையும் கூடவே எழுதவேண்டும் என்பது பட்டுத் தெளிந்த பாடம். அதற்கு மட்டக்களப்பு வாவியைவிட நல்ல சான்று எனக்குத் தெரிந்து இல்லை.

1996இல் வறட்சியால் நீர்மின் உற்பத்தி சரிந்தபோது, மே 25 அன்று இலங்கையின் கடிகாரம் ஒரு மணி நேரம் முன்னே தள்ளப்பட்டது. ஒக்டோபர் 26இல் அதில் அரை மணி திருப்பித் தரப்பட்டது. கிரின்விச்சுக்கு 6 மணி முந்திய அந்த நேரம் 2006 ஏப்ரல் 15 வரை நீடித்தது. (1942இலும் போரை முன்னிட்டுக் கடிகாரத்தைத் தள்ளினார்கள், அன்று திருத்துவதற்குக் கணினி இருக்கவில்லை.) விடுதலைப் புலிகளோ 1996 மாற்றத்தை ஏற்கவே இல்லை; அவர்களது பகுதிகளில் பழைய ஐந்தரை மணிக் கணக்கே நடந்தது. வாவிக்குக் கிழக்கே எழுவான்கரை அரசின் கையில், மேற்கே படுவான்கரையின் பெரும்பகுதி 2007 வரை புலிகளின் கையில். மண்முனைத்துறைக்கு 2014இல்தான் பாலம் வந்தது. அதற்கு முன் ‘பாதை’ எனப்படும் மிதவைதான்; 2006 ஏப்ரல் வரை எழுவான்கரையில் அதில் ஏறிப் படுவான்கரையில் இறங்கியவர், கணக்குப்படி அரை மணி நேரம் பின்னே போனார்.

இதைக் கணினி எப்படி நினைவில் வைத்தது? விஸ்டாவுக்கு முந்திய விண்டோஸ், ஒவ்வொரு நேர வலயத்துக்கும் நடப்பு விதி ஒன்றை மட்டுமே வைத்திருந்தது. புதிய விதியைச் சேமித்தால் பழையது அழியும். எழுவான்கரை இறால் வியாபாரி ஒருவர் 2005 டிசம்பர் 1, நள்ளிரவு கடந்து 12.10க்குப் பற்றுச்சீட்டு எழுதியதாக வைத்துக்கொள்வோம். மென்பொருள் அதைக் கிரின்விச் நேரமாக்கி, நவம்பர் 30, 18.10 என்று பதிகிறது. 2006இல் அமைவு மாறிய பின் அதே சீட்டைத் திறந்தால் நவம்பர் 30, இரவு 11.40 என்று காட்டும். சீட்டு முந்திய மாதக் கணக்கில் போய் விழுந்துவிட்டது. எவரும் எதையும் தொடவில்லை.

வரி வீதத்திலும் இதே கதைதான். பெறுமதி சேர் வரி 2019 டிசம்பரில் 8 வீதம், 2022 ஜூனில் 12, செப்டம்பரில் 15, 2024 ஜனவரியில் 18. வீதத்துக்கு ஒரே ஒரு பெட்டி வைத்த மென்பொருள், 2023இன் சீட்டை இன்று மறுபடி அச்சிட்டால் 18 என்றே கணக்கிடும். வீதத்தோடு தொடக்க நாளையும் பதிந்து, சீட்டின் நாளைக் கொண்டு உரிய வீதத்தை ஏற்றுவதே சரியான முறை. சேமிப்பில் அல்ல, ஏற்றும் இடத்தில்தான் பெரும்பாலான நிரலர்கள் வழுக்குகிறார்கள் என்பது என் எண்ணம்.

யுனிக்ஸ் வழிக் கணினிகள் நம்பியிருக்கும் நேர வலயத் தரவுத்தளம் இந்த முறையைத்தான் கையாள்கிறது. ஆசியா/கொழும்பு என்ற பதிவில் 1942, 1945, 1996, 2006 மாற்றங்கள் நாளோடும் மணியோடும் அடுத்தடுத்து நிற்கின்றன. படுவான்கரைக்கு அங்கே தனிப் பதிவு இல்லை. புலிகள் 1996 மாற்றத்தை ஏற்கவில்லை என்ற செய்தி, அதே கோப்பில் குறிப்புரையாக மட்டும் இருக்கிறது. அப்பகுதியில் வாழ்வோர் இந்தியாவுக்குரிய கொல்கத்தா வலயத்தைத் தெரிவு செய்யலாம் என்று, தரவுத்தளத்தைப் பராமரித்த போல் எக்கர்ட் 2006 ஏப்ரலில் எழுதிச் சேர்த்திருக்கிறார். அந்தக் குறிப்பின் தலையில் # குறி இருப்பதால், எந்த நிரலும் அதை ஏற்றுவதில்லை.