குடிக்கூலி

ஒரு சட்டம் ஒரு நகரத்தைக் காப்பாற்றிற்று. அதே சட்டம் அதை இற்றுப்போகவும் விட்டது. பினாங்குத் தீவிலுள்ள ஜார்ஜ் டவுனைத்தான் சொல்கிறேன்.

1786-இல் பிரான்சிஸ் லைட் அங்கே துறைமுகம் திறந்ததும், சோழமண்டலக் கரையிலிருந்து நம்மவர்களும், சீனத்திலிருந்து வணிகர்களும் வந்து குவிந்தார்கள். 1801-இல் கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் எழுந்தது. 1833-இல், கூப்பிடு தூரத்தில், மாரியம்மன் கோயில். சுற்றிலும் வரிசை வரிசையாய்க் கடைவீடுகள். கீழே வியாபாரம், மேலே குடித்தனம். முன்புறம் மழைக்கும் வெயிலுக்கும் ஒதுங்க ஒரு தாழ்வாரம். அதை நம்மவர் ‘அஞ்சடி’ என்பார்கள். அகலம் ஐந்தடி, ஆனால் பாதி ஊரின் பிழைப்பும் வம்பளப்பும் அதில்தான் நடந்தது.

1948-க்கு முன் கட்டிய வீடுகளின் வாடகையை 1966-ஆம் வருஷத்துச் சட்டம் உயரவொட்டாமல் பிடித்து வைத்தது. பிரம்பு பின்னுகிறவரும், ஊதுவத்தி செய்கிறவரும், மசாலா விற்கிறவரும் அற்ப வாடகையில் தலைமுறை தலைமுறையாக இருந்தார்கள். வீட்டுக்காரருக்கு வருகிற வாடகை ஓடு மாற்றக் காணாது. ஆகவே ஓடு மாற்றவில்லை. இடித்து மாடி எழுப்பலாமென்றால் குடியிருப்பவரை லேசில் கிளப்ப முடியாது. புறக்கணிப்பே காவலாக இருந்த விசித்திரம்!

1997-இல் சட்டம் ரத்தாயிற்று. 2000 ஜனவரி முதல் தேதி கட்டு அவிழ்ந்தது. வாடகை பல மடங்கு ஏறிற்று. அப்புறம் நடந்ததை, வாடகை வீட்டில் வாழ்ந்தவர்களுக்கு நான் விவரிக்க வேண்டியதில்லை. குடும்பங்கள் புறநகர் அடுக்கு வீடுகளுக்குப் போயின. பல கடைவீடுகள் பூட்டிக் கிடந்தன. சிலவற்றில் உழவாரன் குருவிகளைக் குடிவைத்தார்கள். அதன் கூடு நல்ல விலைக்குப் போகும். கதையில் இப்படி எழுதினால் மிகை என்று பத்திரிகை ஆசிரியர் அடித்துவிடுவார்.

2008 ஜூலையில் யுனெஸ்கோ, மலாக்காவோடு சேர்த்து ஜார்ஜ் டவுனை உலகப் பாரம்பரியச் சின்னமாக்கியது. கட்டடங்களுக்காக மட்டுமல்ல, பல இனத்தார் கூடி வாழும் வாழ்க்கைக்காகவும்தான். வாழ்ந்தவர்களில் பலர் வெளியேறி எட்டு வருஷம் ஆகியிருந்தது! பிறகு ஹோட்டல்களும் காப்பிக் கடைகளும் வந்தன. 2012-இல் ஆர்மீனியன் தெருச் சுவரொன்றில் சைக்கிள் ஓட்டும் இரு குழந்தைகளைத் தீட்டினார்கள். அதன்முன் படம் பிடித்துக்கொள்ள வரிசை நிற்கிறது.

வீட்டுக்காரர்களை நான் குறை சொல்லமாட்டேன். முப்பது வருஷம் அவர்கள் தலையில் பிறர் பாரத்தைச் சுமத்தியிருந்தது. சர்க்கார்தான் அந்தப் பாரத்தைத் தான் ஏற்காமல், ஒரே நாளில் குடியிருப்பவர் தலைக்கு மாற்றிவிட்டது. இன்றும் லிட்டில் இந்தியாவில் மல்லிகைச் சரமும் மசாலாவும் மணக்கின்றன. கடை அடைத்ததும், விற்றவர்கள் பலர் வெளியூர் பஸ்ஸுக்கு நடக்கிறார்கள்.