மருத்துவமனை மருந்தாளுநர் தொடர்கல்வி

மருத்துவமனை மருந்தாளுநர் தொடர்கல்வி என்பது, மருந்தாளுமையில் பட்டயமோ பட்டமோ பெற்று மாநில பார்மசி கவுன்சிலில் பதிவுசெய்துகொண்ட ஒருவர், மருத்துவமனையில் பணிபுரியும் காலம் முழுவதும் தம் அறிவையும் திறனையும் புதுப்பித்துக்கொள்வதற்கான ஏற்பாடு ஆகும். இதில் இரண்டு வகை உண்டு. பயிலரங்குக்குச் சென்று பிறர் சொல்வதைக் கேட்டறிவது தொடர்கல்வி எனப்படும். தம் பணியில் உள்ள குறையைத் தாமே கண்டு, அதற்குத் தேவையானதைக் கற்று, கற்றது பணியில் பயன்பட்டதா எனச் சரிபார்த்துக் குறித்துவைப்பது தொடர் தொழில்சார் வளர்ச்சி எனப்படும். பன்னாட்டு மருந்தாளுநர் கூட்டமைப்பு 2002-இல் வெளியிட்ட அறிக்கை இந்த இரண்டாவது வகையை ஒவ்வொரு மருந்தாளுநரின் தனிப்பட்ட பொறுப்பு என வரையறுத்தது. இந்தியாவில் இன்று சட்டப்படி இருப்பது பெரும்பாலும் முதல் வகையே.

பின்னணி

கொங்கு நாட்டுச் சிற்றூர்களில் முதியோர் இன்றும் மருந்தாளுநரைக் 'கம்பவுண்டர்' என்றே அழைப்பதுண்டு. மருத்துவர் எழுதித் தந்தபடி பொடிகளையும் நீர்மங்களையும் அளந்து கலந்து, புட்டியில் ஊற்றித் தந்தவர் கம்பவுண்டர். அவருடைய திறமை கலப்பதில் இருந்தது. 1948-ஆம் ஆண்டின் பார்மசி சட்டம் முதல் பதிவேட்டைத் தொகுத்தபோது, மருத்துவமனையிலோ மருந்தகத்திலோ குறைந்தது ஐந்து ஆண்டுகள் மருந்து கலந்த அனுபவம் உடையவர்களையும் அதில் சேர்த்துக்கொண்டது.

பின்னர் மருந்துகள் ஆலைகளிலிருந்து மாத்திரைப் பட்டைகளாகவும் ஊசிமருந்துக் குப்பிகளாகவும் ஆயத்த நிலையில் வரத் தொடங்கின. தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகளில் இம்மாற்றத்தை முழுமையாக்கியது 1994-இல் நிறுவப்பட்ட தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் எனலாம். மருந்துகளை மையமாகக் கொள்முதல் செய்து மாவட்டக் கிடங்குகள் வழியாக மருத்துவமனைகளுக்கு வழங்கும் அதன் முறையில், மருந்தாளுநர் இருப்புக் கணக்கு, காலாவதி நாள், குளிர்நிலைப் பாதுகாப்பு ஆகியவற்றில் தேர்ந்தவராக இருக்க வேண்டியதாயிற்று. கலக்கும் வேலை ஏறத்தாழ மறைந்துவிட்டது. மருந்துச்சீட்டைப் படித்துப் பிழை காணும் வேலை அந்த இடத்துக்கு வந்தது. ஆனால் அதற்கான பயிற்சி உடன்வரவில்லை.

தேவை

கல்லூரியில் கற்றது பணிக்காலம் முழுவதற்கும் போதாது என்பதற்கு செஃப்டிரையாக்சோன் நல்ல எடுத்துக்காட்டு. இது இந்திய மருத்துவமனைகளில் மிகுதியாகப் பயன்படும் நுண்ணுயிர் எதிர்ப்பி ஊசிமருந்து. கால்சியம் கலந்த சிரைவழி நீர்மங்களுடன் இது சேர்ந்தால் திண்மமாகப் படியும். பச்சிளங் குழந்தைகளின் நுரையீரலிலும் சிறுநீரகத்திலும் இப்படிவு காணப்பட்ட இறப்புகளை அடுத்து, அமெரிக்க உணவு மருந்து நிருவாகம் 2007-இல் எச்சரிக்கை வெளியிட்டது. 2009-இல் அதனைத் திருத்தி, 28 நாள்களுக்கு மேற்பட்ட வயதினருக்கு, குழாயை இடையில் நன்கு கழுவிவிட்டு ஒன்றன்பின் ஒன்றாகச் செலுத்தலாம் என்றது. 2000-இல் பட்டயம் பெற்ற ஒருவர் இவ்விரண்டு மாற்றங்களையும் பாடநூலில் படித்திருக்க வழியில்லை. சாதாரணமாகத் தொங்கவிடப்படும் ரிங்கர் லாக்டேட் நீர்மத்திலும் கால்சியம் உண்டு என்பதை நினைவில் கொள்ள வேண்டும்.

மற்றொன்று இன்சுலின். இந்தியாவில் ஒரு மில்லிலிட்டருக்கு 40 அலகு, 100 அலகு என இரு செறிவுகளில் இது கிடைக்கிறது. சிவப்பு மூடியிட்ட ஊசிக்குழல் முதலாவதற்கும், ஆரஞ்சு மூடியிட்டது இரண்டாவதற்கும் உரியது. 100 அலகு மருந்தை 40 அலகுக் குழலில் 20 எனும் கோடு வரை எடுத்தால், உடலில் சேர்வது 20 அலகு அன்று, 50 அலகு. நோயாளி மயக்கமுற இதுவே போதும். குழல்கள் மாறிப்போகையில் மறுதலையாக 8 அலகு மட்டுமே சென்று சர்க்கரை குறையாமல் நிற்பதும் உண்டு. மருந்து வழங்கும் சாளரத்தில் இருப்பவர் குப்பியையும் குழலையும் ஒருசேரப் பார்த்துக் கொடுத்தால் தடுத்துவிடக்கூடிய பிழை இது.

விதிகளும் மாறுகின்றன. 2014 மார்ச்சில் நடைமுறைக்கு வந்த எச்1 அட்டவணை, குறிப்பிட்ட நுண்ணுயிர் எதிர்ப்பிகள், காசநோய் மருந்துகள் முதலியவற்றின் விற்பனைக்குத் தனிப் பதிவேடு வைக்கச் செய்தது. நடுவண் அரசு 2016-இல் 344 நிலையளவுக் கூட்டு மருந்துகளையும், வழக்குகளுக்குப் பின் 2018-இல் 328 மருந்துகளையும் தடை செய்தது.

சட்ட நிலை

மருந்தாளுநராகப் பதிவுபெற அடிப்படைத் தகுதி டி.பார்ம். பட்டயம் ஆகும். இது ஈராண்டுப் படிப்பும் 500 மணி நேரச் செய்முறைப் பயிற்சியும் கொண்டது. பார்மசி சட்டத்தின்படி, பதிவேட்டில் பெயர் நீடிக்கப் புதுப்பிப்புக் கட்டணம் செலுத்துவதே நெடுங்காலம் போதுமானதாக இருந்தது.

2015 சனவரியில் இந்திய பார்மசி கவுன்சில் அறிவித்த மருந்தாளுமைப் பணி ஒழுங்குமுறைகள் இதனை மாற்றின. பதிவைப் புதுப்பிக்க, ஐந்து ஆண்டுகளில் குறைந்தது இரண்டு புத்தாக்கப் பயிற்சிகளில், ஒவ்வொன்றும் ஒரு நாளுக்குக் குறையாமல், கலந்துகொண்டிருக்க வேண்டும் என விதிக்கப்பட்டது. அதாவது ஐந்து ஆண்டுகளுக்கு இரண்டு நாள். வருகைச் சான்றிதழே இங்கு அளவுகோல். கற்றது என்ன என்று கேட்கும் தேர்வு இல்லை. எனினும், பதிவு என்பது ஒருமுறை பெற்று வாழ்நாள் முழுதும் வைத்துக்கொள்ளும் உடைமை அன்று என்பதை இந்தியாவில் முதன்முறையாகச் சொன்ன விதி என்ற வகையில் இது குறிப்பிடத்தக்கது. 2021-ஆம் ஆண்டுத் திருத்தம் மருத்துவமனைகளில் மருந்தகச் சிகிச்சையாளர், மருந்துத் தகவல் அலுவலர் போன்ற பணிநிலைகளை விதிகளில் சேர்த்தது.

கொங்கு நாட்டில்

இப்பகுதியில் தொடர்கல்வி வேரூன்றியது சட்டத்தால் அன்று, கல்லூரியும் மருத்துவமனையும் அடுத்தடுத்து அமைந்ததால் எனலாம். கொங்கு நாட்டை ஒட்டிய உதகமண்டலத்தில், ஜே.எஸ்.எஸ். மருந்தியல் கல்லூரி 1990-களின் பிற்பகுதியில், மருந்தாளுநர் மருத்துவருடன் நோயாளியின் படுக்கையருகே சென்று மருந்துச்சீட்டை ஆராயும் முதுநிலைப் படிப்பைத் தொடங்கியது. மைசூரில் உள்ள அதன் உடன்கல்லூரியுடன் சேர்த்து, இந்தியாவில் இத்துறையின் முன்னோடிகளுள் ஒன்றாக இது கருதப்படுகிறது.

கோயம்புத்தூரில் 2001-இல் தொடங்கப்பட்ட பூ. சா. கோ. மருந்தியல் கல்லூரி, ஸ்ரீ ராமகிருஷ்ணா மருந்தியல் கல்லூரி, கோவை மருத்துவ மையத்தின் மருந்தியல் கல்லூரி ஆகிய மூன்றும் பெரிய மருத்துவமனைகளைச் சார்ந்தவை. 2008-இல் இந்தியாவில் அறிமுகமான ஆறாண்டு பார்ம்.டி. படிப்புக்குக் குறைந்தது 300 படுக்கைகள் உள்ள மருத்துவமனைத் தொடர்பு கட்டாயம் என்பதால், இத்தகைய அமைப்பு மேலும் வலுப்பெற்றது. மாணவர்கள் படுக்கைப் பிரிவில் ஐயம் எழுப்பும்போது, அங்கு முன்பே பணிபுரியும் மருந்தாளுநரும் விடை தேட வேண்டியதாகிறது. இது எந்தச் சான்றிதழிலும் பதிவாகாத தொடர்கல்வி.

மருந்தின் பக்கவிளைவுகளைப் பதிவுசெய்தலும் இவ்வாறே கற்பிக்கும் கருவியாகும். 2010-இல் தொடங்கப்பட்ட இந்திய மருந்துக் கண்காணிப்புத் திட்டம், 2011 ஏப்ரல் முதல் காசியாபாத்தில் உள்ள இந்திய மருந்தியல் நூல் ஆணையத்தின் பொறுப்பில் உள்ளது. பக்கவிளைவு எனத் தாம் ஐயுறும் நிகழ்வை மருந்தாளுநரே படிவத்தில் நிரப்பி அனுப்பலாம். எந்த நாளில் எந்த மருந்து தொடங்கியது, எப்போது தடிப்பு தோன்றியது, நிறுத்தியபின் குறைந்ததா என வரிசைப்படுத்தி எழுதும் பழக்கம், ஒருநாள் பயிலரங்கைவிடக் கூடுதலாகக் கற்றுத் தருகிறது.

இடைவெளி

மேற்கண்ட வசதி கோவை நகரிலும், கல்லூரிகள் உள்ள ஈரோடு, குமாரபாளையம் போன்ற ஊர்களிலும் பணிபுரிவோருக்கே எளிதில் கிட்டும். திருப்பூரிலும் நாமக்கல்லிலும் 2022 சனவரியில் அரசு மருத்துவக் கல்லூரிகள் திறக்கப்பட்டதால் அங்குள்ள அரசு மருத்துவமனைகளும் கற்பிக்கும் மருத்துவமனைகளாயின. ஊரக ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் சிறிய தனியார் மருத்துவமனைகளிலும் நிலைமை வேறு. அங்கே பெரும்பாலும் ஒரே ஒரு மருந்தாளுநர் இருப்பார்.

இங்குதான் சட்டத்தின் இரு பிரிவுகள் ஒன்றையொன்று இழுக்கின்றன. பார்மசி சட்டத்தின் 42-ஆம் பிரிவின்படி, மருத்துவரின் சீட்டுக்குப் பதிவுபெற்ற மருந்தாளுநர் மட்டுமே மருந்து வழங்கலாம். மருத்துவர் தம் நோயாளிக்குத் தாமே வழங்குவது போன்ற சில விலக்குகளே உண்டு. 2015 விதியோ அவர் பயிற்சிக்குச் செல்ல வேண்டும் என்கிறது. மாற்று ஆள் இல்லாத இடத்தில் அவர் பயிற்சிக்குச் சென்றால் சாளரம் மூடப்படும், அல்லது தகுதியற்ற ஒருவர் கைக்கு மருந்து போகும். ஆகையால் பயிற்சி பெரும்பாலும் ஞாயிற்றுக்கிழமையில், சொந்தச் செலவில், விடுப்பு நாளை விட்டுக்கொடுத்துப் பெறும் ஒன்றாக அமைகிறது. பாடங்கள் ஆங்கிலத்திலேயே நடப்பதும் தமிழ்வழியில் பள்ளிக்கல்வி முடித்துப் பட்டயம் பெற்றவர்களுக்குத் தடையாகிறது.

பிற நாடுகளில்

ஐக்கிய அமெரிக்காவில் பெரும்பாலான மாநிலங்கள் உரிமப் புதுப்பிப்புக்குக் குறிப்பிட்ட மணி நேரத் தொடர்கல்வியைக் கோருகின்றன. பிரித்தானியாவில் 2018 முதல் நடைமுறையில் உள்ள மறுமதிப்பீட்டு முறையில், மருந்தாளுநர் ஆண்டுதோறும் தாம் கற்றவற்றை எழுதிச் சமர்ப்பிப்பதுடன், சக பணியாளர் ஒருவருடன் தம் பணியைக் குறித்துக் கலந்துரையாடியதையும் பதிவுசெய்ய வேண்டும்.